கல்லறை வாசலில் திறந்த முதல் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் மேயர் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, லா ஓயா பள்ளத்திலிருந்து ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என் சொந்தங்களே, வணக்கம். நகராட்சி வாசலில் சோள மாவுத் தமால் விற்கும் எர்லிந்தா மேடை ஏறினால் கூடையும் கூட வரும் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். இன்று கையில் போன் மட்டும்தான். நேற்று நகராட்சி வெளியிட்ட எரிமலை அறிவிப்பை இதோ திறக்க அழுத்துகிறேன். சுற்றட்டும். நாம் மரியாதையாகத் தோன்யா என்று அழைத்த நம் எவுலாலியா அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

பேரிடர் அலுவலகத்தின் ஆவணப் பொறுப்பாளர் எவுலாலியா ஷிக்காய் அவர்கள். பத்தொன்பது ஆண்டு, ஒரே நாற்காலி. பதினோரு நாளுக்கு முன் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோனது. அவர் செய்த வேலை என்ன? மலை குமுறினால் எந்த வழியாக ஓடுவது என்று சொல்லும் பிடிஎஃப் கோப்பை நம் போனில் சட்டென்று திறக்கும்படி தயார் செய்வது. இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் சிரித்தவள்தான்.

"சிரிக்காத எர்லிந்தா. கூடை மொத்தத்தையும் வெளிய அடுக்கிட்டுத்தான் முதல் தமாலை விக்கிறியா?"

"அதுக்குள்ள வந்த ஆளு போயிருவாங்களே தோன்யா."

"அதேதான். முதல் பக்கம் வந்த உடனே கண்ணுல தெரியணும். மிச்சம் மெதுவா வரட்டும்."

படங்களை இளைக்க வைத்தார். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே கட்டி அனுப்பினார். இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரியுமாம். எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்து கை நீட்டுவார்.

"உன் போனைக் குடு."

"உங்க போனு பளபளன்னு இருக்கே?"

"அதுல எதுவும் திறக்கும். உன்னுதுல திறந்தாத்தான் ஊருக்கே திறக்கும்."

"அவ்வளவு மட்டமா என் போனு?"

"இதைவிட மட்டம் எனக்குக் கிடைக்காது. தொலைச்சிராத."

அதை எடுத்துக்கொண்டு, சிக்னல் ஒற்றைக் கோடாக நிற்கும் கல்லறை வாசலுக்கு நடப்பார். அங்கே திறந்தால்தான் ஊருக்கு அனுப்புவார். திறக்காவிட்டால் திரும்பிப் போய் இன்னும் இளைக்க வைப்பார். இப்போது அதே வாசலுக்கு உள்ளே படுத்திருக்கிறார்.

மூன்று ஆண்டுக்கு முன் மலை வெடித்தது. மறந்துவிட்டோமா? பள்ளத்தின் அறுபது குடும்பமும் பாலத்தை நோக்கித்தான் ஓடியது. ஓடும்போதே போனில் முதல் பக்கம் திறந்தது. பாலத்தின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. சர்ச் பாதைக்கு ஓர் அம்பு. திரும்பினார்கள். கால் மணி நேரத்தில் பாலம் இல்லை. என் தங்கை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எப்போது இறங்குவாய் என்று என்னை முறைக்கிறாளே, அது அந்த ஒரு பக்கத்தால்.

பாலத்தை மறுபடி கட்டிவிட்டோம். அதே இடத்தில்.

ஞாயிறு முதல் பள்ளத்து ஓடை வெதுவெதுப்பாக ஓடுகிறது. நாய்கள் அங்கே படுப்பதில்லை. சற்றுமுன் இந்த மண்டபத்து ஜன்னல் நடுங்கியது; லாரி எதுவும் போகவில்லை. நேற்று வந்த அறிவிப்பைக் கல்லறை வாசலில் திறந்து பார்த்தவர் யார்? தலைநகரத்துக் கம்பெனி செய்ததாம், அழகாக இருக்கிறதாம். மேயர் ஐயா, பல வருடம் உங்களுக்குத் தமால் கொடுத்த உரிமையில் கேட்கிறேன். அழகைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

எவுலாலியா கடைசியாகச் செய்த கோப்பு அவருடைய கணினியிலேயே இருக்கிறது. அது இன்றே ஊருக்குப் போக வேண்டும். இனி எந்த அறிவிப்பானாலும் இந்த மட்டமான போனில், அந்த வாசலில் திறந்த பிறகுதான் வெளியே போகும். நான் நடப்பேன். என்னால் முடியாத நாளில் தங்கை நடப்பாள். அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுதான். போகிற வழியில் பூவும் வைத்துக்கொள்ளலாம்.

பேசத் தொடங்கும்போது அழுத்தியது, இப்போது பார்க்கிறேன். முதல் பக்கத்தில் மேயர் ஐயாவின் படம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. புருவம் வரை வந்திருக்கிறது.

அம்பு நான்காம் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.