பொன்னாடை இல்லாத கூட்டம்

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண், ஃபேக்டரி யூனிஃபார்மோடு.

“செவ்வாய் கிரகத்துக்குப் போறதுக்குப் பொன்னாடை எதுக்குண்ணே?”

அவள் பக்கத்தில் இருந்தவர் மடியில் அழைப்பிதழ்க் கட்டு. “விஞ்ஞானக் கதைக் கூட்டம்னாலும் கூட்டந்தானம்மா. மண்டபத் தலைவரு வந்தா போத்தித்தான் ஆகணும்.”

“போன வருசம் போத்துனோம். அவரு பேசி, அவரு கூட்டாளிங்க பேசி, சாப்பாட்டு நேரம் வந்துருச்சு. கதை எழுதிட்டு வந்தவங்க ஒருத்தர்கூட வாசிக்கல. ரப்பர் தோட்டத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்த டீச்சரு, கதைய அப்படியே கைப்பையில வச்சுக்கிட்டுத் திரும்பிப் போனாங்க.”

“அவரு கோவிச்சுக்கிட்டா மண்டபம் கெடைக்காது.”

“மண்டபமே வேணாம். ஈப்போவுலயே, சிலிபின்ல எங்க வீட்டு வாசல்ல பாய் விரிக்கிறேன். முப்பது பேரு தாராளமா உக்காரலாம்.”

“அழைப்பிதழ்ல அவரு பேரு அச்சடிச்சாச்சே.”

“வரட்டும்லா, நானா வேணாங்கிறேன்? எல்லாரையும் மாதிரி அவரும் ஒரு கதை எழுதிட்டு வந்து பாயில உக்காரட்டும்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“வீட்டு நம்பரச் சொல்லு.”

கோப்பெங் வருவதற்குள் பாதி அழைப்பிதழ்களில் வீட்டு விலாசம் ஏறியிருந்தது; தலைவர் பெயர் இல்லை.