சுவரெல்லாம் பச்சை

“ஹலோ... ஹலோ, சொல்லு தம்பி... ஆமா, ஊசி போட்டாச்சு. மரத்துப் போகட்டும்னு வெளியில உட்கார வெச்சிருக்காங்க... இல்ல இல்ல, பேசலாம். பாதி வாய் இன்னும் என்கிட்டதான் இருக்கு... என்னது? மொத்தமுமா? சுவர் முழுக்கச் சிவப்பா?”

பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். மருந்து விநியோகம் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தில், எல்லாக் கணினிகளையும் கண்காணிக்கும் மென்பொருளுக்கு அவள்தான் பொறுப்பு. எந்த சர்வர் மூச்சு வாங்குகிறது, எந்தக் குளிர் அறையில் சூடு ஏறுகிறது என்று மென்பொருள் சொல்லும். எதைச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது அவள். பல்வலியோடு மல்லுக்கட்டி முடியாமல் இன்றுதான் லீவு போட்டிருந்தாள். அழைத்தவன் அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த நிலையில் இருப்பவன். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்று, முன்மண்டையில் வழுக்கையும் விழுந்துவிட்டது. ஆனாலும் அவளுக்குத் தம்பிதான்.

“பதறாத. எத்தனை மெயில் வந்திருக்குன்னு பார்க்காத, அது கிடக்கட்டும். முதல்ல வந்தது எது?... கடைசியா வந்தது இல்லப்பா, முதல்ல வந்தது... ஆங். கிடங்குல இருக்கிற நெட்வொர்க் பெட்டியா? அப்ப அது ஒண்ணுதான் போயிருக்கு. மத்ததெல்லாம் அதை நம்பி ஓடுற கூட்டம், அதான் சேர்ந்து கத்துது... ஆமா, ஆமா. இதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், எது எதை நம்பி ஓடுதுன்னு மென்பொருள்ல போட்டு வைன்னு. போட்டிருந்தா பெட்டிக்கு மட்டும் ஒரு அலாரம் வரும், மத்ததெல்லாம் சும்மா இருக்கும்... சார் வேணாம்னுட்டாரா? ஏன்?... ஓ, திரை வாங்குற வேலை இருந்துச்சா. சரி சரி.”

சார் என்பது துறைத் தலைவர். சுவரையே அடைக்கிற மாதிரி ஒரு திரையை வாங்கி மாட்டியிருந்தார். இன்று நிர்வாக இயக்குநர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அவருக்குச் சிவப்பு என்றாலே ஆகாது. ஒருமுறை மஞ்சள் கட்டம் ஒன்று தெரிந்தபோது, அதைக் கூட்டக் குறிப்பில் ‘இளம்பச்சை’ என்று எழுதச் சொன்னவர். போன் இப்போது அவர் கைக்கு மாறியது. அவள் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சார்? வணக்கம் சார்... வலி இருக்கு சார்... ஆமா சார்... ஆமா சார்... டைரக்டருங்க லிஃப்ட்ல ஏறிட்டாங்களா? புரியுது சார், பச்சையா வேணும். ஆனா அது பெயின்ட் இல்லையே சார்... அலாரம் அடிக்கிற எல்லையை ஏத்தணுமா? சர்வர் வட்டு தொண்ணூறு சதவீதம் ரொம்பினா சொல்லுன்னு வெச்சிருக்கேன்... நூறுக்கு மாத்தறதா? நூறு ஆனப்புறம் வந்தா அதுக்குப் பேரு அலாரம் இல்ல சார், துக்கச் செய்தி... அய்யோ, கிண்டல் பண்ணல சார். வாய் கோணிக்கிட்டிருக்கு, அதனால அப்படிக் கேக்குது.”

வாய் உண்மையிலேயே கோணத் தொடங்கியிருந்தது. கீழுதடு யாரோ ஒருவருடையது போல் தொங்கியது. அவள் விடவில்லை.

“தொட்டதுக்கெல்லாம் கத்துதுன்னா வேற வழி இருக்கு சார். அளவு ஒரு தடவை எகிறினதும் சொல்லாத, கொஞ்ச நேரம் எகிறியே இருந்தா சொல்லுன்னு வைக்கலாம். யாரால சரி பண்ண முடியுமோ அவங்களுக்கு மட்டும் போகட்டும். கேன்டீன்காரருக்கெல்லாம் எதுக்கு சார்... என்ன? என்ன பண்ணிட்டீங்க?... எல்லாத்தையுமா? சார், அந்தப் பராமரிப்பு நிலைங்கிறது நாமளே ஒரு மெஷினை நிறுத்தி வேலை பார்க்கும்போது, அந்த மெஷினுக்கு மட்டும் போடறது. மொத்தத்துக்கும் போட்டா எது செத்தாலும் பச்சையாத்தான் காட்டும்... அழகாத்தான் சார் இருக்கும்... சரி சார். தம்பிகிட்டக் குடுங்க சார்.”

கன்னத்தைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. கிடங்கு நெட்வொர்க் பெட்டி என்று தம்பி சொன்னது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குளிர் அறையின் வெப்ப அளவும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறது.

“தம்பி, குளிர் அறை என்ன காட்டுது?... நாலு டிகிரியா. அப்படியே பார்த்துக்கிட்டே இரு... மாறுதா?... புள்ளிக்கு அந்தப் பக்கம்கூட அசையலையா?... அது இப்போதைய அளவு இல்லடா. பெட்டி போறதுக்கு முன்னாடி கடைசியா வந்தது. உசிரோட இருக்கிற எந்த அளவும் அப்படி ஆணி அடிச்ச மாதிரி நிக்காது. நீ நேர்ல போ. ஓடு. போனை வைக்காத.”

செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. நர்ஸ் கதவைத் திறந்து அவளைக் கைகாட்டி அழைத்தாள். அவள் கும்பிடாத குறையாக இன்னும் கொஞ்ச நேரம் என்று சைகை செய்தாள்.

“போயிட்டியா?... சத்தம் கேக்குதா? மெஷின் ஓடுற சத்தம்?... இல்லையா... கதவுல ஒரு தெர்மாமீட்டர் இருக்கும் பாரு... ஏழரையா? கடவுளே. எட்டைத் தாண்டிச்சுன்னா உள்ள இருக்கிற அவ்வளவு இன்சுலினும் குப்பை. மெஷின் ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போ. எங்க போகுது?... பிளக் தரையில கிடக்கா? ‘கழற்றாதீர்’னு சிவப்புல எழுதி ஒட்டியிருக்குமே... ஆமா, நான்தான் ஒட்டினேன். அது இருந்த இடத்துல இப்ப என்ன சொருகியிருக்கு?... சுவத்துல ஓட்டை போட்டு அந்தப் பக்கத்துலேருந்து வருதா? அந்தப் பக்கம் என்ன...”

அவளுக்கே பதில் தெரிந்துவிட்டது. எல்லாம் நலம் என்று காட்டுவதற்காக வாங்கிய திரைக்குக் கரண்ட் கொடுக்க, குளிர் அறையின் கரண்டைப் பிடுங்கியிருக்கிறார்கள். நெட்வொர்க் பெட்டியும் அதே ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“அதைப் பிடுங்கிட்டு நம்ம பிளக்கைச் சொருகு... தெரியும், டைரக்டருங்க திரை முன்னாடிதான் நிக்கிறாங்க... கறுப்பாத்தான் போகும், போகட்டும்... வேலையை விட்டுத் தூக்கிடுவாரா? நான் சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லு. இங்க பாரு தம்பி, அந்த இன்சுலினை நாளைக்கு யாரோ உடம்புல ஏத்திக்கப் போறாங்க. திரையை யாரும் ஏத்திக்கப் போறதில்ல... ஒரு கையால வர மாட்டேங்குதா? போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. ரெண்டு கையாலயும் பிடி. யோசிக்காத. பிடுங்கு! பிடுங்குடா! வேரோட பிடுங்கு!”

எதிரே இருந்த பெரியவர் தாடையைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் எதையும் கவனிக்கவில்லை. காதைப் போனோடு அழுத்திக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு ‘டக்’. பிறகு, கனத்த பூனை உறுமுவது போல் குளிர் மெஷின் ஓடத் தொடங்கியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பல்வலியால் என்று நினைத்து நர்ஸ் பஞ்சை நீட்டினாள்.

“கேக்குது... கேக்குதுடா. தங்கம்டா நீ... என்ன? யாரு வந்துட்டாங்க? எல்லாருமா?... ஏன் கிசுகிசுக்கிற?... என்னைப் பத்தி என்னன்னு சொல்றாரு? மென்பொருளோட குரலா?”

ஸ்பீக்கரில் கேட்ட அவள் கத்தலுக்குத் துறைத் தலைவர் அந்த விளக்கத்தைக் கொடுத்துவிட்டார்: புதிய கண்காணிப்பு ஏற்பாடு, ஆபத்து வந்தால் வாய்விட்டே பேசும். மரத்துப்போன நாக்கால் அவள் குரலும் ஏற்ற இறக்கமில்லாமல், மெஷின் பேசுவது போலத்தான் இருந்தது. இயக்குநர்களில் மூத்தவரான அம்மையார் குனிந்து அந்தக் குரலிடமே நேராக ஏதோ கேட்டார். ‘குளிர் அறை சீராகிறது, நன்றி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்திருந்தால் துறைத் தலைவர் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார். அவளுக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்தது.

“கேக்குதுங்கம்மா... இல்லீங்க. நான் மென்பொருள் இல்ல, அதைப் பார்த்துக்கிற ஆளு. அதோட வாயைக் கட்டி வெச்சுட்டாங்க, அதான் நான் பேச வேண்டியதாப் போச்சு... பல் டாக்டர்கிட்ட இருக்கேங்க... ஆமாங்க, அந்தப் பிளக்தான்... யாரு கழட்டினதுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஓடிப் போய்க் கண்ணால பார்த்தது, திரையைப் பிடுங்கினது, எல்லாம் என்கூட வேலை பார்க்கிற அந்தத் தம்பிதான்... சார் என்ன சொல்றாரு? ஒத்திகையா?... ஒத்திகைன்னா ஒத்திகைதான் சார். மருந்து மட்டும் நிஜம்.”

இனி என்ன செய்ய வேண்டும் என்று அம்மையார் மறுபடி கேட்டார். இம்முறை மனுஷியிடம் பேசுகிற குரல்.

“சொல்றேங்க. முதல்ல அந்தப் பராமரிப்பு நிலையை எடுத்துவிடச் சொல்லுங்க. சிவப்பா இருக்கிறது சிவப்பாவே தெரியட்டும். அப்புறம், மென்பொருளையே பார்த்துக்கத் தனியா ஒரு சின்ன மெஷின் வேணும். ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்... ஏன்னா, அதுவே விழுந்துட்டா ஒரு சத்தமும் வராது. நாமளும் எல்லாம் நல்லாயிருக்குன்னு உட்கார்ந்திருப்போம்... தம்பி, எவ்வளவு காட்டுது?... ஏழா? இறங்குதா? அப்பாடா...”

நர்ஸ் இப்போது அவள் தோளைத் தொட்டே எழுப்பினாள்.

“மத்தியானமா?... மன்னிக்கணும்ங்கம்மா, வர முடியாது. லீவு. அந்தத் தம்பியைக் கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும்... இல்லீங்க, போன்லயும் முடியாது. பேசினது போதும். இனிமே இன்னைக்கு நான் வாயைத் திறந்தா டாக்டருக்கு மட்டும்தான். வெச்சிடறேன்.”