ஐந்தாம் சுரங்கத்தின் அடைப்பு

சாதாரண சிமெண்டை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. வீடு கட்ட, பாலம் கட்ட அதைவிட்டால் வேறு ஏது? எங்கள் சுரங்கத்துக்குத்தான் ஆகாது. நானூறு மீட்டர் ஆழத்தில் அணுக்கழிவைச் செப்புப் பெட்டிகளில் வைத்து, சுற்றிலும் களிமண் திணித்து, சுரங்க வாயைக் கான்கிரீட்டால் அடைக்கிறோம். சாதாரண சிமெண்டில் ஊறும் காரத் தண்ணீர் அந்தக் களிமண்ணைக் கெடுத்துவிடும். காரம் குறைந்த கலவைதான் போட வேண்டும். பின்லாந்தின் இந்தக் கடலோரத்தில் இருபத்திரண்டு வருடமாக அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். "தௌனோ பாத்துட்டானா? அப்ப சரி" என்பார்கள். ஒரு மனிதனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

நான்காம் சுரங்கத்து அடைப்பில் தப்பான சிமெண்ட் போய்விட்டது. அன்று எனக்குக் காய்ச்சல்; சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன். கசிவு நீரைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் ரைலி, என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள். ஐந்தாம் சுரங்கத்தை அடைக்கும் வெள்ளிக்கிழமை, காப்பி இடைவேளையில் சொன்னாள்.

"இடிச்சுட்டுத் திரும்பப் போட்டாத் தீந்துச்சு. நீயே போய்ச் சொல்லிடு. திங்கக்கிழமைக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்."

"என் பேரு என்னாகும் ரைலி?"

"அட போய்யா, லட்சம் வருஷம் கழிச்சு வர்றவன் உன் பேரையா விசாரிக்கப் போறான்?"

சிரித்துக்கொண்டே கடைசி இலவங்கப்பட்டை ரொட்டியை என் பக்கம் தள்ளினாள். நல்ல பெண். ஆனால் அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பிறகு சென்ட்ரிங் பலகையில் ஆள் நுழைய விட்டிருந்த வழியாக, கான்கிரீட் நிரப்பப்போகும் இடத்துக்குள் போனாள், வடிகுழாயைக் கடைசியாக ஒருமுறை பார்க்க. உள்ளே போகிறவர் சுரங்க வாயிலில் தன் பெயர் டோக்கனைச் சிவப்புப் பக்கம் மாட்டுவார். வெளியே வந்து பச்சைக்கு மாற்றுவார். அடுத்தவர் டோக்கனை எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் பச்சையைப் பார்த்தால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நான் அவளுடையதைப் பச்சையில் மாட்டினேன். பலகையைத் திருகி மூடினேன். கான்கிரீட் பம்பைப் போடச் சொன்னேன். அந்தச் சத்தத்தில் தட்டியது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் கொஞ்ச நேரம் கேட்டது.

சனி ஞாயிறுகளில் உறைகடலில் மீன்பிடிக்கிறவள் என்பதால் பனி உடைந்திருக்கும் என்று தேடினார்கள். நானும் இரண்டு நாள் தேடினேன். இப்போது அந்த அடைப்பை இடிக்கப் போகிறீர்களாமே, வயிறு எரிகிறது. அன்று கலவையை மூன்று முறை சோதித்தேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் விட்டுவிடும் எதையும், ஒரு ஆணியானாலும், பட்டியலில் சேர்க்க வேண்டும். மக்கும் பொருளுக்கு எடையும் போட வேண்டும். அறுபத்துநான்கு கிலோ என்று எழுதினேன். அந்த வரியை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள், தெரியும். எழுதாமல் விட்டிருந்தால் தௌனோ ஏமாற்றுக்காரன் என்றல்லவா ஆகியிருக்கும்?