நடுக்கோடு

சாரல் மாதங்களில் கரும்பலகையில் எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சாக்பீஸ் பிடிக்காது. பிடித்தாலும் பத்து மணிக்குள் எழுத்து வழிந்துவிடும். அதனால்தான் ஐயா, கடை வாசலில் தகரம் இறக்கி அதன் கீழே பலகையை மாட்டினேன். குற்றாலம் ரோட்டில் பரமேஸ்வரனின் ஜெராக்ஸ் கடை எது என்று கேட்டால் மேலகரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பலகைக் கடை என்றால் பச்சைப்பிள்ளையும் கை காட்டும்.

உமாராணி விஷயமாக ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். சொல்கிறேன். பலகையிலிருந்து தொடங்கினால்தான் முறையாக இருக்கும்.

பதினாறு வருஷமாகத் தினமும் காலையில் அதில் அரசியல் கிண்டல் எழுதுகிறேன். நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடப்பக்கம் ஆளுங்கட்சி, வலப்பக்கம் எதிர்க்கட்சி. இந்தப் பக்கம் மூன்று வரி என்றால் அந்தப் பக்கமும் மூன்று. எதிர் டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்து வரியை எண்ணுவார்கள். ஒரு தேர்தல் சமயம் அரை வரி கூடிப்போனதற்குப் பலகையில் சாணி அடித்தார்கள். கூடப் பிறந்தவர்களே கட்சிக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்கிற காலம் இது. அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பெஞ்சும் ஒரே நேரத்தில் சிரித்தது என் பலகையைப் பார்த்துத்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

சில கட்டுப்பாடுகளும் வைத்திருந்தேன். ஊசிப்போன கிண்டலை எழுத மாட்டேன். ஒருவருடைய நிறத்தை, சாதியை, வீட்டுப் பெண்களை இழுக்க மாட்டேன். அடிபட்டவனே முதலில் சிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைக்க வேண்டும்.

போன வைகாசியில் குழாயில் தண்ணீர் நின்றுபோய், தெருக்களுக்கு டேங்கர் லாரி விட்டார்கள். வந்த லாரிகளில் பாதி கவுன்சிலர் இசக்கிதுரையின் லாட்ஜுக்குள் திரும்பியது. இசக்கிதுரை ஆளுங்கட்சி. நான் இடப்பக்கம் எழுதினேன்: "ஐந்தருவி வறண்டது. ஆறாவது அருவி கண்டுபிடிப்பு. இடம்: இசக்கிதுரை லாட்ஜ் மொட்டைமாடி." வலப்பக்கத்துக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சி உண்ணாவிரதத்தைப் பற்றி மூன்று வரி போட்டு ஒப்பேற்றினேன்.

லாட்ஜ் செய்தியை எனக்குக் கொண்டு வந்தவள் உமாராணி. அவள் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். புருஷன் சுபாஷ் ராணுவத்தில், வடக்கே எங்கோ இருந்தான். லாரி வழிமாறக் கூடாது என்று அவளே முன்சீட்டில் ஏறிக்கொண்டு தெருத்தெருவாகப் போனாள். பதினோரு நாள் அப்படிப் போனாள். டிரைவர் மாடனுக்கு அறுபது வயது இருக்கும். அவளை மகளே என்றுதான் கூப்பிடுவார்.

"நான் ஏறி உக்காந்தாத்தான் அண்ணாச்சி, லாரி நம்ம தெருவுக்கு வருது. எறங்கிட்டா லாட்ஜுக்குப் போயிருது," என்று என் கடையில் நின்றுகொண்டு அவளே சிரித்தபடி சொன்னாள். ஆக, அவள் ஏன் அந்த லாரியில் போனாள் என்பது ஊரில் மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அருவி எழுதிய அன்று சாயங்காலம் இசக்கிதுரை நாலு பேரோடு வந்தார். முதலில் சிரித்தார்.

"அருவி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, நானே சிரிச்சுட்டேன். ஆனா எனக்குப் பேரு போட்டு எழுதியிருக்கிய, அவங்களுக்குப் பொதுவா எழுதியிருக்கிய. நடுவுல கோடு போட்டா மட்டும் போதுமா? இதுதான் சமமா?"

அவர் போய்விட்டார். அந்த நாலு பேரும் கடை அடைக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. பேருக்குப் பேர் வேண்டும்தானே. எதிர்க்கட்சியில் எங்கள் வட்டாரத்தில் ஊர் அறிந்த ஒரே பேர் உமாராணி. அவள் திருடவில்லை, பொய் சொல்லவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. கிண்டல் எழுதுகிறவனுக்கு அப்படிப்பட்ட ஆள் பெரிய தொந்தரவு.

மறுநாள் வலப்பக்கம் இப்படி எழுதினேன்: "லாரித் தண்ணீர் தாமதம் ஏன்? டிரைவருக்கு வழி சொல்ல முன்சீட்டில் உமாராணி. வழியும் நீளம், பேச்சும் நீளம்."

இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. பத்து நிமிஷம் நின்று சரிபார்த்தேன். ஆனால் எதற்காக அப்படி எழுதினேன் என்பதும், படிக்கிறவன் மனசு எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரியும். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அன்று ஒரு பெஞ்சு மட்டும்தான் சிரித்தது. மத்தியானத்துக்குள் அந்த மூன்று வரியும் ஊரில் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. யாரோ லாரிக்குப் பூமாலை போட்டுப் படம் செய்து சேர்த்திருந்தார்கள்.

சாயங்காலம் உமாராணி வந்தாள். அவள் சண்டை போடவில்லை.

"நாளைக்கு ஒரே ஒரு வரி எழுதுங்க அண்ணாச்சி. அவ தண்ணிக்குக் காவலுக்குத்தான் போனான்னு. அது போதும்."

"உனக்கு ஒரு வரி எழுதினா, இசக்கிதுரைக்கும் ஒரு வரி கேப்பாங்கம்மா. அப்புறம் நான் எல்லாத்துக்கும் மறுப்பு எழுதிக்கிட்டே கெடக்கணும்," என்றேன்.

"அவரு தண்ணியத் திருடுனாரு. நான் திருடலையே. ரெண்டும் ஒண்ணா அண்ணாச்சி?"

ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கியிருந்தது. நான் அதை எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. மறுநாளிலிருந்து அவள் லாரியிலும் ஏறவில்லை. லாரி லாட்ஜுக்குப் போனது.

மூன்றாம் நாள் சுபாஷ் எனக்குப் போன் செய்தான். அவன் பட்டாளத்தில் சேர விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். பணியில் சேர்ந்த முதல் வருஷம் பொங்கலுக்கு எனக்குக் கம்பளி வாங்கி வந்தவன்.

"ஊருல என்னென்னமோ சொல்லுதாங்க அண்ணாச்சி. போட்டோவ எனக்கே அனுப்புதாங்க. நீங்க பொய் எழுத மாட்டிய. அது அப்படியெல்லாம் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் விட்டுருதேன்."

அப்போது இசக்கிதுரையின் ஆள் ஒருவன் ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தான். நான் சொன்னேன்: "தம்பி, நான் ரெண்டு பக்கமும் எழுதுதவன். எந்தப் பக்கமும் பேச மாட்டேன்."

 "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் லீவில் வந்தான். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லையாம். அவன் தள்ளியதில் அவள் தலை முற்றத்துத் தண்ணீர்த்தொட்டி விளிம்பில் மோதியது. தொட்டி காலியாக இருந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் மாடன் வந்து கடை வாசலில் நின்றார். அழுது அழுது குரல் போயிருந்தது.

"நெசம் ஒங்களுக்குத் தெரியுந்தான? தெரிஞ்சேதான எழுதுனிய?"

ஆமாம் என்றேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு பேர் ஸ்டூலில் உட்கார்ந்ததற்குப் பயந்தேன். அந்தப் பயத்தில் ஒரு பெண்ணின் பேரை எடுத்துத் தராசில் போட்டேன். பிறகு அவள் உயிர் என் ஒரு வார்த்தையில் நின்றபோது வாயை மூடிக்கொண்டேன். தள்ளியது சுபாஷின் கை. என் பங்கு இது. யாரும் என்னை மிரட்டி இதைச் சொல்ல வைக்கவில்லை.

மறுநாள் காலை பலகைக்குப் போனேன். பழக்கதோஷம், கோடு போட்டுவிட்டேன். வலப்பக்கம் உமாராணிக்கு மூன்று வரி அஞ்சலி எழுதினேன். இடப்பக்கம் காலியாக இருந்தது. வெகுநேரம் நின்றேன். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளராக இருந்த சுடலைக்கண்ணு அதற்கு முந்தின மாதம் எண்பத்திரண்டு வயதில் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தது ஞாபகம் வந்தது. அவருக்கும் மூன்று வரி எழுதிய பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

நீங்கள் வாசித்துக் காட்டியது எல்லாம் சரி. நான் சொன்னபடியே இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் ஐயா. எண்ணிப் பார்த்தேன், என்னைப் பற்றி நாற்பத்தோரு வரி இருக்கிறது, சுபாஷைப் பற்றிப் பன்னிரண்டுதான் இருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் சமப்படுத்திவிடுங்கள்.