ஒரு ஆள் படுக்கும் அகலம்

ஜீப்பின் பின்பக்கம் பார்ப்பதற்குத்தான் விசாலமாக இருக்கும். டேப்பை வைத்து அளந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். இரண்டு பக்கமும் சக்கர வளைவுகள் எழும்பி நின்று பாதி இடத்தை விழுங்கிவிடும். மிச்சமிருக்கிற இடத்தில்தான் அடுப்பு, தண்ணீர் டேங்க், கயிறு, துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அதுதான் என் தொழில். காடு மலை என்று சுற்றுகிற வண்டிகளுக்கு இழுப்பறைப் பெட்டி செய்து பின்னால் பொருத்துவேன். பொம்பளை செய்த பெட்டியா என்று முதலில் மூக்கைச் சுளித்தவர்கள்கூட அடுத்த வண்டியையும் என்னிடம்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நீங்கள் என்னை இன்றைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னது ஒரே ஒரு கையெழுத்துக்காக. என் கணவர் வண்டியில் பெட்டி பெயர்ந்தது தன் கவனக்குறைவால்தான் என்று எங்கள் பட்டறை வெல்டர் ஒப்புக்கொண்டுவிட்டார், பட்டறைக்காரி என்ற முறையில் நான் கீழே கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்றீர்கள். நான் வெள்ளைத் தாள் கேட்டேன். பாவம், மனதிலிருப்பதைக் கொட்ட நினைக்கிறாள் என்று எண்ணியோ என்னவோ, தாளோடு டீயும் வரவழைத்து வைத்தீர்கள். டீயை நான் தொடவில்லை. அதைக் குடிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

பெட்டியை வண்டியில் பொருத்துவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியின் தரை வெறும் தகரம். அதில் ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கி, அடியில் சாதாரண வாஷர் மட்டும் போட்டு நட்டை முடுக்கினால், நின்றுகொண்டிருக்கும்வரை பெட்டி கல் மாதிரி இருக்கும். வேகமாகப் போய் பிரேக்கை மிதித்தால், அந்தப் பாரம் முழுவதும் முன்னால் பாயும். போல்ட் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் தரைக்கு அடியில், ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த இரும்புத் தகடு கொடுப்போம். மேலே நின்று பார்த்தால் தகடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. போல்ட்டின் தலை மட்டும்தான் தெரியும்.

முடுக்கி முடித்ததும் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். வெல்டர் அண்ணனுக்கு மஞ்சள், எனக்கு வெள்ளை. இது நாங்களாக வைத்துக்கொண்ட பழக்கம். ஒருவர் கோடு போட்டுவிட்டால் மற்றவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டோம். பார்த்தால் அது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும். அண்ணன் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். என் மகளுக்கு அவர் மாமா. பழைய வாஷர்களை ஒட்டவைத்து அவளுக்குப் பூனை, ஆமை என்று பொம்மை செய்து தருவார். ஆமையும் பூனையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

என் கணவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எதையாவது கற்பனை செய்துகொண்டு எனக்காக நீங்கள் பரிதாபப்படக் கூடாது. குடி கிடையாது, அடி உதை கிடையாது, வேறொரு பெண்ணும் கிடையாது. அவருக்கு ஊர் சுற்றப் பிடிக்கும், அவ்வளவுதான். நான் செய்த பெட்டியை வைத்துக்கொண்டு மலையேறிவிட்டு வந்து நாலு பேரிடம் காட்டுவார். அந்த நாலு பேரும் எங்களிடம் பெட்டி செய்ய வருவார்கள். எங்கள் பட்டறைக்கு அவர்தான் விளம்பரப் பலகை. ஆரம்பத்தில் வெறும் வண்டியில் போவார், இரண்டே நாளில் பசியும் அழுக்குமாகத் திரும்பி வந்து நிற்பார். நான் அடுப்பு வைக்கத் தட்டு செய்து கொடுத்தேன், ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். டேங்க் வைத்துக் கொடுத்தேன், அது இன்னும் நீண்டது. அவர் கேட்டதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்து, வீடே வேண்டியதில்லை என்கிற நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது என் கைதான். வேலை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டியபோது நானும் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரு குணம் உண்டு. வண்டியில் எங்கேயாவது கடகட என்று சத்தம் வந்தால் தாங்கமாட்டார். ஒருமுறை பாதி வழியில் ஒரு பெட்டிக் கதவின் கீல் தளர்ந்து சத்தம் போட, திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கீலைக் கழற்றி மாட்டுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு டார்ச் பிடிப்பார், நான் திருகுவேன், மகள் வெளியே உட்கார்ந்து இரண்டு பேரையும் கேலி செய்வாள். அந்தச் சில நாட்கள் வீடு வீடாக இருந்தது. கீல் சரியானதும் கிளம்பிப் போய்விட்டார். அன்றைக்கு நான் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியாக அவர் கேட்ட பெட்டி எல்லாவற்றிலும் பெரியது. மழைக்காலம் முழுவதும் வெளியே இருக்கப் போகிறார். கீழே இழுப்பறைகள், மேலே படுக்கை. நான் அட்டையில் வெட்டி வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை இன்னும் ஒரு சாண் தள்ளினா ரெண்டு பேர் படுக்கலாம்," என்றேன்.

"எதுக்கு? நான் ஒருத்தன்தானே. அந்த எடத்துல இன்னொரு டேங்க் வெச்சுடு. தண்ணிக்குன்னு எங்கயும் எறங்க வேண்டாம் பாரு," என்றார்.

கையிலிருந்த போனில் ஏதோ வழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நான் புண்படுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அட்டையை மறுபடி வெட்டினேன். ஒரு ஆள் படுக்கும் அகலம். மிச்ச இடத்தில் டேங்க். இதற்காகவா என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், இதற்காகத்தான். எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது.

பெட்டி முடிந்ததும் வழக்கம்போல் மணல் மூட்டைகளை ஏற்றி, சரிவில் இறக்கி, பிரேக் அடித்துப் பார்த்தோம். அண்ணன் தகடு வைத்து முடுக்கி, மஞ்சள் கோடு போட்ட பெட்டி. இம்மிகூட அசையவில்லை. என் கணவர் கைதட்டினார். இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள். நான் வண்டிக்கு அடியில் படுத்தேன்.

முன்வரிசை நட்டுகளைக் கழற்றி, தகடுகளை எடுத்துவிட்டு, சாதாரண வாஷர் போட்டு, மறுபடி முடுக்கினேன். அவசரமே படவில்லை. அண்ணன் திரும்பி வருவதற்குள் கையைக் கழுவி டீ போட்டு வைத்துவிட்டேன். எடுத்த தகடுகளை வீணாக்க மனம் வரவில்லை. அடுத்து வந்த வண்டிக்குப் போட்டேன். அந்த வண்டி இன்றைக்கும் பத்திரமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நட்டைக் கழற்றினால் கோடு கலைந்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் இழுக்க வேண்டும். நான் மஞ்சளை எடுத்து இழுத்தேன். அண்ணனை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்து இல்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால், ஏன் தங்கச்சி என் வேலையில கை வெச்சே என்று கேட்பார், கழற்றிப் பார்ப்பார், அதனால்தான். அப்படித்தான் இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலை இறக்கத்தில், ஒரு வளைவில் சாலையில் கல் சரிந்து கிடந்திருக்கிறது. என் கணவர் பிரேக் அடித்திருக்கிறார். டேங்குகள் நிறையத் தண்ணீரோடு பெட்டி முன்னால் வந்திருக்கிறது. அவர் முதுகில் அடித்தது பெட்டியின் ஒரு மூலை மட்டும்தான். பக்கத்துச் சீட்டு டாஷ்போர்டோடு அப்பளமாக ஒட்டிப்போயிருந்தது. நல்லவேளை யாரும் உட்காரவில்லை என்று வண்டியைப் பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். இடுப்புக்குக் கீழே அவருக்கு இனி உணர்ச்சி வராது என்று டாக்டர் சொன்னபோது நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அதையாவது நம்புங்கள்.

பிறகு உங்கள் ஆட்கள் வண்டிக்கு அடியில் பார்த்தார்கள். தகடு இல்லை, மஞ்சள் கோடு இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். வெல்டிங் கண்ணாடியைக்கூட நெற்றியிலிருந்து கழற்றவில்லை.

"தங்கச்சி, தகடு வெச்சேனா இல்லையான்னு எவ்வளவு யோசிச்சும் பிடிபடல. வெச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா கோடு என் கோடுதான். வெக்காமயே கோடு போட்டிருக்கேன் பாரு."

"விடுங்கண்ணா. மனுஷன்தானே, மறதி வராதா," என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிக்கு அடியில் நான் செய்ததைவிட இதுதான் பெரிய பாவம் என்று தோன்றுகிறது. தான் வைத்த தகட்டைத் தானே வைக்கவில்லை என்று ஒரு மனிதரை நம்பவைத்தேன். அந்த நாளோடு அவர் வெல்டிங்கை விட்டுவிட்டார். வீட்டில் கேஸை மூடிவிட்டோமா, கதவைப் பூட்டிவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறாராம். சின்ன வேலையைக்கூடத் தன்னை நம்பிச் செய்ய முடியவில்லையாம். நாளைக்கு அவர் கோர்ட்டில் தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறார்.

என் கணவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வாசலில் சரிவு அமைத்தேன், அலமாரிகளை எல்லாம் கழற்றிச் சக்கர நாற்காலியின் உயரத்துக்கு இறக்கி மாட்டினேன். அவர் கைக்கு எட்டாதது என்று வீட்டில் ஒன்றும் இல்லை. எந்த இழுப்பறையும் சத்தம் போடாது. பெண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் என்னைத் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கிறோம். சில நாட்கள் சந்தோஷமாகக்கூட இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தக் கீலைத் திருகிய நாட்கள் மாதிரியே இருந்தது.

போன வாரம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். உணர்ச்சியே இல்லாத அந்தக் காலை.

"அட விடுண்ணே. வேணும்னா செஞ்சே? எழுந்திரு," என்று இவர் அவர் தோளைத் தட்டினார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணனுக்கு ஒரு டீ போடேன்," என்றார். நான் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கும்போது, "என் கையால ஆன கேடு, உன் கையால டீ குடிக்கிறேனே தங்கச்சி," என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. மகள் உள்ளேயிருந்து வந்து, அவரை ஏறெடுத்தும் பார்க்காமல், "அந்த ஆளு எப்ப போவாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவள் அவரை மாமா என்று கூப்பிட்டு வெகுநாளாகிறது. அவர் அப்படியே கூனிக்குறுகிப் போனார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆகவே, தகடுகளை எடுத்தது நான். கோட்டை இழுத்தது நான். அண்ணன் தன் வேலையை எப்போதும்போல் ஒழுங்காகத்தான் செய்தார். அதை யாராவது இன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லுங்கள். என்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணவர் சாக வேண்டும் என்றோ, இப்படி ஆக வேண்டும் என்றோ நான் நினைத்ததே இல்லை. மேடு பள்ளத்தில் பெட்டி தளரும், கடகட என்று சத்தம் வரும், திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்புவார். அதற்குமேல் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

அவர் கிளம்பிய அன்று காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், எதையும் விட்டுவிட்டேன் என்று இருக்க வேண்டாம். அவர் எப்போது கிளம்பினாலும் மகள் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொள்வாள். தெருமுனையில் இறங்கி நடந்து வந்துவிடுவாள். அன்றைக்கும் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்து, கையைப் பிடித்து இழுத்து, அவளைக் கீழே இறக்கினேன்.

"தெருமுனை வரைக்கும்தானேம்மா," என்று அழுதாள்.

தெருமுனை வரைக்கும்கூட நான் விடவில்லை.