எட்டுக் கேள்விக்கும் பூஜ்யம்

உங்கள் காகிதங்கள் பறக்கின்றன, சார். இந்த ஃபேன் இரண்டே விதமாகத்தான் ஓடும். ஒன்று சோம்பல், இல்லாவிட்டால் புயல். நிறுத்திவிடுகிறேன். கொஞ்சம் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பேசி முடித்துவிடலாம்.

விபத்து விசாரணை என்றால் எதிரே ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் இந்த ஏழு மாதத்தில் என்னிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவனிடம் பேசுவது போலவே பேசினீர்கள். நல்ல மனசு. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்டவை சில இருக்கின்றன. இன்று நானே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறேன். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லிவர். என் கைநேர்த்தியைப் பற்றி எந்த சைட்டில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். இரண்டு டன் கம்பிக்கட்டைத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவது போல இறக்குவேன். மேஸ்திரி தரையில் சாக்பீஸால் கோடு போட்டால் கட்டின் முனை அந்தக் கோட்டின் மேல்தான் வந்து உட்காரும். தற்பெருமை இல்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் குறட்டை ஆரம்பித்தது. குறட்டை யாருக்குத்தான் இல்லை? ஆனால் என் குறட்டை நடுவில் நின்றுபோகிறது என்று மனைவி சொன்னாள். "மூச்சே இல்லாம படுத்திருக்கீங்க. நான் உலுக்கினாத்தான் திணறிக்கிட்டு முழிக்கிறீங்க. ஒருநாள் நான் அசந்துட்டா என்ன ஆகும்?" என்று அழுதாள். காலையில் தலை பாறாங்கல்லாகக் கனக்கும். பல் துலக்கும்போதே கண் சொக்கும். டாக்டர் என் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்கிறது என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு மோசம் என்று தெரியுமாம். அதற்குப் பிறகுதான் மூக்கில் மாட்டிக்கொள்ளும் மெஷின் கொடுப்பார்களாம். அங்கே இருந்தது இரண்டே படுக்கை. வெளியே ஊர்ப்பட்ட குறட்டை.

யாருக்கு முதலில் தேதி என்று முடிவு செய்ய ஒரு தாள் நீட்டினார்கள். எட்டுக் கேள்வி. படிக்கும்போது தூங்கிவிடுவீர்களா, டிவி பார்க்கும்போது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நாமே போட்டுக்கொள்ளலாம். அதிகம் போட்டால் சீக்கிரம் தேதி. நான் எட்டுக்கும் பூஜ்யம் போட்டேன். கிரேன் ஓட்டுகிறவன் வேறு என்ன போடுவான்? தூங்குவேன் என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் கம்பெனிக்குப் போகும், நான் வீட்டுக்குப் போவேன். கவுண்டரில் இருந்த நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உங்களுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? என்னைவிட நல்லா இருக்கீங்களே." பதினொரு மாதம் கழித்துத் தேதி கொடுத்தாள்.

அதுவரை எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்தோம். மல்லாந்து படுத்தால்தான் மூச்சு நிற்கிறது என்பதால், மனைவி என் பனியனின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்தாள். கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். முதுகில் குத்தியது, உடம்பு கால்மாட்டுக்குச் சறுக்கியது, வயிறு பசித்தது. குறட்டை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

வேலையில் ஒரே ஒரு தடவை ஒரு பேச்சு வந்தது. கான்கிரீட் தொட்டியைத் தளத்துக்கு மேலே நிறுத்தியவன் நாலு நிமிடம் இறக்காமல் இருந்தேனாம். நான் யோசனையில் இருந்தேன், சார். கன்னம் கண்ணாடியில் பதிந்திருந்தது, கண்ணாடியில் எச்சில் இருந்தது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் கீழே அவர்கள் கத்தியது ஒன்றுவிடாமல் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அன்று என்னைக் காப்பாற்றியது சிக்னல்மேன். ஆமாம், அவன்தான், இறந்துபோனவன். நான் மேலிருந்து பார்ப்பதால் கீழே கிட்டத்தில் நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆறு வருடமாக எனக்கு அந்த ஆள் அவன். ஓயாமல் பேசுவான் என்பதால் சைட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். கொக்கி மாட்டிக்கொண்டது என்று சூப்பர்வைசரிடம் கூசாமல் சொல்லிவிட்டான். சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணே, டெஸ்ட் முடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன். நீங்க கவலையே படாதீங்க" என்றான்.

மறுநாளிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட ஆரம்பித்தான். "அண்ணே, முழிச்சிருக்கீங்களா?" நான் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். வெறும் 'ம்' போதாது, தூக்கத்தில்கூட 'ம்' கொட்டலாமாம். அதனால் கேள்வி கேட்பான். "அண்ணே, ஏழெட்டு எவ்வளவு?" "அண்ணே, உங்க மாமியாருக்கு இன்னும் எத்தனை பல்லு பாக்கி?" மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் விசிலை ஊதிக்கொண்டு சரக்குக்குக் கீழே ஓடுவான். அங்கே இருப்பவர்களை விரட்டிவிட்டு, கொக்கிக்கு நேர் கீழே நின்று சிவப்புக் கொடியை ஆட்டுவான். நான் கண் திறந்ததும் கொக்கியைத்தான் பார்ப்பேன், அதனால் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அவன் யோசனை. இரண்டு முறை அப்படி ஓடவும் செய்தான். இரண்டு முறையும் நான் யோசனையில் இருந்தேன்.

அந்தச் சேனலில் சைட் முழுவதும் காது வைத்திருக்கும். கம்பி கட்டுகிறவர்கள் என்னை 'அலாரம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் வாக்கிடாக்கியில் ஆராரோ பாடினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ரேடியோ அவனைத் திட்டிவிட்டு, சூப்பர்வைசரிடம் கெஞ்சி எங்கள் இருவருக்கும் மட்டும் தனிச் சேனல் வாங்கினான். அதற்கு அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று மனைவி சொன்னாள். நான் சொல்லவில்லை. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். சிரிப்பே எவ்வளவோ தேவலை.

தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தபோது ஒரு மத்தியானம் அவன் மூச்சிரைக்க வந்தான். அன்று அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தானாம். எனக்குத் தெரியாது.

"அண்ணே, முடிச்சிட்டேன். அடுத்த புதன்கிழமை உங்களுக்குப் படுக்கை ரெடி."

"எப்படி?"

"அண்ணி வீடியோ எடுத்துக் குடுத்தாங்க. கவுண்டர்ல காமிச்சேன். நர்ஸம்மா பயந்துபோய் டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டாங்க."

போனை என் கையில் கொடுத்தான். திறந்த வாய், பாதி திறந்த கண், மேலே ஏறி இறங்காத நெஞ்சு. பின்னால் என் மனைவியின் குரல் மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. அப்புறம் அந்த வாய் ஒரு சத்தம் போட்டது. மனிதனிடமிருந்து வரும் சத்தம் இல்லை அது. என் பூஜ்யங்கள் இருந்த தாளைக் கிழித்துவிட்டு, அவனே எனக்காகப் புதுத் தாளில் பதில் சொல்லியிருந்தான். இருபத்துநாலுக்கு இருபத்திரண்டு. அதையும் சந்தோஷமாகச் சொன்னான்.

"யார் யார் பார்த்தாங்க?"

"நர்ஸும் டாக்டரும்தாண்ணே. சத்தியமா வேற யாருக்கும் காட்டலை."

நான் நம்பினேன். அவன் எனக்காகச் சூப்பர்வைசரிடம் பொய் சொல்லுவானே தவிர, என்னிடம் சொல்லமாட்டான். அவனை நான் அடியோடு வெறுக்க ஆரம்பித்தது அந்த நிமிடத்தில்தான். தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

புதன்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. மெஷின் வந்துவிட்டால் நான் குணமாகிவிடுவேன் என்று எல்லோரும் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள், சார். குணமானவன் கையிலிருந்து ஒரு கம்பிக்கட்டு கீழே வந்தால் அதற்கு வேறு பெயர். புதன்கிழமைக்கு முன்னால் வந்தால் அதற்குப் பெயர் நோய். எனக்கு அவசரப்படுவது பிடிக்காது. ஆனால் அவன்தான் தேதியை முன்னால் இழுத்துவிட்டான்.

திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். லிவரின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியபடி இருந்தால்தான் லிவர் வேலை செய்யும், கை தளர்ந்தால் எல்லாம் நின்றுவிடும். நாள் முழுக்க அழுத்தினால் மணிக்கட்டு வீங்கும் என்று நாங்கள் எல்லோருமே சைக்கிள் டியூபை வெட்டிப் பொத்தானை இறுக்கிக் கட்டிவிடுவோம். உங்கள் ஆட்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தூங்கி விழுந்தவனின் பாரம் லிவரைத் தள்ளிவிட்டது என்பதற்கு அந்த டியூப் உங்களுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கும்தான்.

காலை பத்தரை மணி. கம்பிக்கட்டு தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் தொங்கியது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, முழிச்சிருக்கீங்களா?"

நான் மூச்சு விடவில்லை.

"அண்ணே, விளையாடாதீங்க. ஒன்பதெட்டு எவ்வளவு?"

எழுபத்திரண்டு. மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டான். பிறகு விசில் கேட்டது. ஓடி வந்தான். கீழே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சட்டென்று விலகிவிட்டார்கள். மூன்றாமவன் கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பி வந்தான். ரேடியோ அவனைப் பிடித்துத் தள்ளினான். அந்த ஆள் தூரமாகப் போகும் வரை நான் காத்திருந்தேன். அவனுக்கும் எனக்கும் எந்த விரோதமும் கிடையாது. நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் இல்லை.

ரேடியோ நேர் கீழே வந்து நின்றான். அண்ணாந்து பார்த்துக் கொடியை ஆட்டினான். வெயில் அவன் கண்ணில் அடித்தது, என் முகம் தெரிந்திருக்காது. "அண்ணே, புதன்கிழமை வரைக்கும் தாங்குங்கண்ணே" என்று வாக்கிடாக்கியில் சொன்னான். நான் வலது லிவரை முன்னால் தள்ளினேன். கம்பிக்கட்டு நீளமானது, எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்யவே ஒரு நொடி வேண்டும். அந்த நொடியை நான் கொடுக்கவில்லை. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, கவனித்தீர்களா?

பிறகு கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். லிஃப்ட் பாதி வரைதான், மீதி ஏணி. அவர்கள் ஏறி வருவதற்குள் எனக்கு நிஜமாகவே கண் செருகிவிட்டது. உலுக்கித்தான் இறக்கினார்கள். என் குறட்டைச் சத்தம் ஏணியிலேயே கேட்டதாக அவர்கள் சாட்சி சொன்னது பொய் இல்லை.

புதன்கிழமை என்னை அந்தப் படுக்கையில் படுக்கவைத்தார்கள். மணிக்கு அறுபத்தொரு தடவை மூச்சு நின்றதாம். மெஷின் கொடுத்தார்கள். இப்போது அடித்துப் போட்டது போலத் தூங்குகிறேன், எழுந்தால் தலை பஞ்சாக இருக்கிறது. மனைவி எண்ணுவதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி தாமதித்தது, கம்பெனி கண்டுகொள்ளவில்லை, பொத்தானில் டியூப் கட்டியிருந்தது என்று எல்லார் மேலும் பழி விழுந்தது. என்மேல் இரக்கம் மட்டும்தான் விழுந்தது. தாங்கிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன், ஏழு மாதம் தாங்கவும் செய்தேன்.

போன வாரம் அவன் மனைவி வந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நீங்க மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. தூங்கிட்டிருந்த மனுசனுக்கு என்ன தெரியும்? 'அண்ணன் கை மாதிரி வராது'ன்னு அவர் எப்பவும் சொல்லுவாரு. தூங்குறவர் மேல யாராவது கோபப்படுவாங்களா?"

அவளை வெளியே பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. ஆராரோ பாடியவன்கூட இவ்வளவு கேவலமாக என்னைப் பேசவில்லை.

இப்போது நீங்களும் அதையே கையெழுத்துக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். நாலாவது பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி. 'இயக்கியவர் உறங்கிவிட்டதால்.' இது அரசாங்கக் காகிதம், சார். நான் போன பிறகும் இருக்கும். அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். விழித்திருந்து, குறிபார்த்து, தெரிந்தே கொன்றான் என்று எழுதுங்கள், பக்கத்திலேயே கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், மறுபேச்சுப் பேசமாட்டேன். ஆனால் பதினெட்டு வருடம் அந்தக் கூண்டில் உட்கார்ந்தவன் நான். வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கண்ணயர்ந்ததில்லை.