ஒடிந்த கால் நாற்காலியும் பேராலயமும்

பொறுமையின் பெட்டகமே, அவைத் தலைவர் பங்குத்தந்தை இருதயராஜ் அவர்களே! கட்டடக் குழுப் பெரியோர்களே! வேலை முடிந்த களைப்போடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! பிரியாணி வாசம் மூக்கைத் துளைத்தும் எழுந்து போகாத நண்பர்களே! இளங்கோவின் இனிய வணக்கம்!

‘பேராலயம்’ பற்றிப் பேசச் சொன்னீர்கள். கோபுரம் உயர்ந்தால் பேராலயமா? மணி பெருத்தால் பேராலயமா? பேராலயத்தைக் கதீட்ரல் என்கிறோமே, அந்தச் சொல் கிரேக்கத்தில் பிறந்தது, லத்தீனில் வளர்ந்தது. அதன் வேர் என்ன தெரியுமா? நாற்காலி! ஆயர், அதாவது பிஷப், அமர்ந்து போதிக்கும் நாற்காலி எங்கே உண்டோ, அந்த இடமே கதீட்ரல்.

என்ன தம்பி? “நம்ம ஊட்ல நாலு சேர் கீது” என்கிறாயா? ஆயர் வந்து அமரும்போது சொல்லி அனுப்பு!

நம் நசரத்பேட்டை ஆலயத்தில் ஆயரின் நாற்காலி இல்லை. பீடத்தருகே பங்குத்தந்தையின் தேக்கு நாற்காலி ஒன்றிருந்தது. சென்ற மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர். ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த நிறைமாதக் கர்ப்பிணி நாகவல்லிக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸாலோ நெடுஞ்சாலையைத் தாண்டி வர முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கிப் பார்த்தோம், வளைந்தது. தேக்கு நாற்காலி கண்ணில் பட்டது. பீடத்துப் பொருளாயிற்றே என்று தயங்கினேன்.

“இன்னாயா பாத்துகினு நிக்கிறே? தூக்கு!” என்று அதட்டினார் தந்தை.

நாகவல்லி மறுத்தாள். “வோணாம் சாமி! நான் அம்மன் கோயிலுக்குப் போறவ. அதுல குந்தலாமா?”

“உன்னவிடப் பெரிய ஆளு யாரும்மா வரப் போறாங்க? குந்து!”

நெடுஞ்சாலையில் நின்ற ஆம்புலன்ஸ் வரை நால்வர் தூக்கினோம். நனைந்து நடந்தோம், நடுங்கி நடந்தோம், நாகவல்லியின் பாதம் நனையாமல் நடந்தோம்! பிறந்தது பெண் பிள்ளை. திரும்பி வருகையில் நாற்காலியின் ஒரு கால் ஒடிந்தது.

அந்த நாற்காலியை நாளைக் காலை விறகுக்குப் போடப்போகிறார்களாம்! ஆலயம் பளிச்சென்று தெரியப் புதுச் சிம்மாசனம் வருகிறதாம்! பெரியோர்களே, எனக்குக் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது. நாற்காலியால் பெயர் பெற்றது கதீட்ரல். நமக்குப் பெயர் வாங்கித் தந்த நாற்காலியை எரிப்பதா? தச்சர் சின்னப்பையன் புதுக்கால் போட்டுத்தர ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் சரியென்றால் போதும்!

நாகவல்லி, பிள்ளையோடு மேடைக்கு வாம்மா. இதோ, தந்தை எழுந்து தம் இருக்கையைக் காட்டுகிறார். குழுவினரும் கைதட்டுகிறார்கள்; அதைச் சம்மதமென்றே எடுத்துக்கொள்கிறேன், இனி மாற முடியாது ஐயா!

பாருங்கள், இம்முறை அவள் யாரையும் கேட்காமல் அமர்ந்துவிட்டாள். இதற்கு மேல் நான் நின்று பேசினால் நன்றாயிராது. அனைவருக்கும் நன்றி, வணக்கம்!